உண்ணிச்செடி எடுக்க, காட்டைத் திரும்பக் கொண்டுவர: சாப்டூர் அடிவாரத்துப் பளியர் குழுவின் வேலை எப்படி?

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு ஓரம் சாப்டூர். சதுரகிரி மலை அங்கேதான் இறங்கி மானாவாரிப் புஞ்சைகளோடு சேர்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. அடிவாரத்தில் தோப்பு வைத்திருந்தாலும் சரி, புஞ்சை, குலசாமி கோயில்காடு என்று எது இருந்தாலும் சரி, தொல்லை ஒன்றுதான்: உண்ணிச்செடி எனும் லாண்டானா புதர். ஆடு மாடு வாய் வைக்காது. தின்றால் அவற்றுக்கு விஷம். குருவிகள் பழத்தைத் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும்.

இதை எடுக்க இரண்டு வகை ஆட்களைத்தான் பெரும்பாலும் கூப்பிடுகிறார்கள். ஜேசிபிக்காரர் ஒருவர், வண்ணப் படங்களோடு அறிக்கை கொடுக்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்று. இவர்களைத் தவிர அடிவாரத்துப் பளியர் பழங்குடிச் சமூகத்தினர் தாங்களே நடத்தும் சிறு குழு ஒன்றும் இருக்கிறது. நிலத்தை ஆய்வு செய்வது, களைச்செடி எடுப்பது, விதை சேகரித்து நாற்று வளர்ப்பது, பிறகு மூன்று வருடம் வந்து பார்ப்பது எல்லாம் அவர்களே. பெயர்ப்பலகையோ விளம்பரமோ இல்லை, பெயர் போடவும் அவர்கள் விரும்பவில்லை. அதனால் இங்கே பெயர் இல்லை.

முதலில் ஆட்களைப் பற்றி. ஆய்வுக்கு ஒரு பெரியவரும் நடுவயதுப் பெண் ஒருவரும் வருவார்கள். நாற்றங்கால் முழுக்கப் பெண்கள் கையில். ஏட்டுக்கணக்கும் போன் பேச்சும் பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர் ஒருவர் பொறுப்பு. 'மேஸ்திரி' என்று யாரும் கிடையாது. நில உரிமையாளர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒருவரைப் பிடித்து அதட்டி எல்லோரையும் வேலை வாங்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஒவ்வொருவரும் தன் வேலைக்குத் தானே பொறுப்பு. சத்தம் போட்டால் பதிலுக்குச் சத்தம் போட மாட்டார்கள். மறுநாள் வர மாட்டார்கள், அவ்வளவுதான். வயதில் மூத்தவரை "ஐயா", நாற்றங்கால் பார்ப்பவரை "அக்கா" என்று கூப்பிட்டுப் பேசும் தோட்டங்களில் வேலை ஒழுங்காக நடக்கிறது. "ஏய், வா இங்க" என்று கூப்பிடும் தோட்டங்களில் பாதியில் நின்றிருக்கிறது. குறையைச் சொல்ல வேண்டும் என்றால், வேலை முடிந்த சாயங்காலம் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மறுநாளே சரிசெய்வார்கள்.

ஆய்வுதான் இவர்களிடம் வாங்க வேண்டிய பெரிய சரக்கு. அதைக் கூலிக்கணக்கில் சேர்க்காமல் தனியாகக் காசு கொடுத்து வாங்குங்கள். நிலத்துக்குள் வந்ததும் செடியைப் பார்க்க மாட்டார்கள். பாறைகளின் மேல் மரநாய் எச்சம் கிடக்கிறதா என்று தேடுவார்கள். காய்ந்த எச்சத்தைக் குச்சியால் கிளறி, உள்ளே இருக்கும் கொட்டைகளை உள்ளங்கையில் தட்டிப் பிரிப்பார்கள்: இது நாவல், இது ஈச்சம், இது சூரை. நாவலும் ஈச்சமும் இருந்தால், தாய்மரங்கள் நடை தூரத்தில் உயிரோடு இருக்கின்றன, விதை தானாக வந்து சேருகிறது என்று அர்த்தம். அந்த நிலத்துக்கு நாற்று குறைவாகப் போதும். எச்சமே இல்லை, இருந்தாலும் ஒரே வகைக் கொட்டைதான் என்றால் விதையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். பிறகு ஓடைக் கோடு, கரையான் புற்று, ஆட்டுத் தடம். கடைசியில்தான் உண்ணி.

விலை சொல்வதற்கு முன் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி ஒரு சதுரம் எடுத்து, அதற்குள் எத்தனை தூர் இருக்கிறது, எத்தனை தூர் மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் என்று எண்ணுவார்கள். அடர்த்தியான இடத்தில் ஒன்று, சுமாரான இடத்தில் ஒன்று. அதை வைத்து ஏக்கருக்கு எத்தனை ஆள்நாள் என்று கணக்குச் சொல்வார்கள். கண்ணளவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று சொல்லும் ஒப்பந்தத்தைவிட இது நியாயமானது. ஓடையோரத்து ஒரு ஏக்கரும் மேட்டுப்பாறை ஒரு ஏக்கரும் ஒன்றாகுமா?

எடுக்கும் முறைக்கு வருவோம். ஒருவர் தொரட்டியால் கிளைகளை இழுத்து ஒதுக்கிப் பிடிப்பார். இன்னொருவர் மம்பட்டியால் தூரைச் சுற்றி மண்ணை விலக்குவார். தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் ஒரு முண்டு இருக்கும். வெட்டினால் துளிர்க்கும் மொட்டுகள் எல்லாம் அதற்குள்தான். மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ., அந்த முண்டுக்கு அடியில் ஆணிவேரை வெட்ட வேண்டும். மேலே வெட்டினால் ஒரு தண்டுக்குப் பதில் நான்கைந்து தண்டு வரும். வெட்டிய செடியைத் தலைகீழாக, வேர் வானம் பார்க்கக் குவிக்க வேண்டும். ஈர மண்ணில் கணு பட்டால் அங்கேயே வேர்விட்டுவிடும். முண்டுக்கு அடியில் ஆழமாகத் தோண்டவே மாட்டார்கள். காரணம் இருக்கிறது: மண்ணைப் புரட்டினால் உள்ளே உறங்கும் உண்ணி விதை வெளிச்சம் கண்டு முளைக்கும். ஜேசிபி ஓடிய நிலம் அடுத்த மழைக்கே கம்பளம் விரித்தாற்போல் உண்ணி நாற்றாக நிற்பது இதனால்தான். தீ வைப்பதும் அப்படியே. மற்ற கன்றுகள் சாகும், உண்ணி தூரிலிருந்து துளிர்க்கும்.

காலம் முக்கியம். முதல் மழையில் மண் இளகியிருக்க வேண்டும், செடியில் கறுத்த பழம் இருக்கக்கூடாது. பழம் பிடித்துவிட்டால் அந்த இடத்தை ஒத்திப்போடுவார்கள். எடுத்த பிறகு முதல் வருடம் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வந்து கையால் நாற்றுப் பிடுங்குவார்கள். பெரிய மரங்களின் அடியும் ஓடைக்கரையும்தான் அதிகம் பார்க்கும் இடங்கள். பறவைகள் உட்கார்ந்து எச்சமிடும் இடங்கள் அவை. இந்தத் தொடர்வேலைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் முதல் வேலையையே கொடுக்காமல் இருப்பது நல்லது. பாதியில் விட்ட இடத்தில் உண்ணியோடு பார்த்தீனியமும் சேர்ந்து வரும்.

காய்ந்த குச்சியை வீணாக்குவதில்லை. இலையும் பழமும் உதிர்ந்தபின் புதுக் கன்றுகளைச் சுற்றி ஆட்டுக்கு வேலியாகக் குத்திவைக்கிறார்கள். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே குச்சியில் உயிரளவு யானைகள் செய்து, அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. இங்கே கூடை, நாற்காலி செய்யும் அளவுக்கு இன்னும் போகவில்லை.

விதை விஷயத்தில் இவர்களோடு போட்டி போட ஆள் கிடையாது. இலுப்பை, வேம்பு, நாவல் மூன்றையும் காயவைத்து மூட்டை கட்டவே கூடாது. பழம் உதிரும் ஆனி, ஆடியிலேயே சதையைக் கழுவி, நிழலில் வைத்து, உடனே விதைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் முளைப்பு மளமளவென்று குறையும். போன வருட இலுப்பை விதை என்று எங்காவது விற்றால் வாங்காதீர்கள். உசிலை, வெள்வேல் போன்ற தடித்த தோல் விதைகள் வேறு. கொதிக்கவைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டு உப்பியதை மட்டும் விதைப்பார்கள். வண்டு துளைத்த விதையை அதற்கு முன்பே பொறுக்கி எடுத்துவிடுவார்கள். நாற்றுப் பையில் வேர் அடியில் சுருண்டிருந்தால் அந்தக் கன்றைத் தரவே மாட்டார்கள். சுருண்ட ஆணிவேர் நிலத்தில் கீழே இறங்காது, மூன்றாம் வருடக் காற்றில் மரம் சாய்ந்துவிடும். உயரமான கன்று கேட்பவர்களுக்கு இது பிடிக்காது. முழங்கால் உயரக் கன்றுதான் சரி.

நடவு ஐப்பசியில். மதுரையில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கு விழா வைத்து நட்ட கன்றுகள் ஆடிக்காற்றில் இலை சுருண்டு சாவதை எத்தனை பள்ளிக்கூட வாசலில் பார்க்கிறோம்! விழாவுக்காகத் தேதி மாற்றச் சொன்னால் இவர்கள் மறுக்கிறார்கள், மறுப்பதே சரி. சரிவில் ஒன்றரை அடிக் குழி, பள்ளப்பக்கம் அரைநிலா வரப்பு. மழைத்தண்ணீர் அதில் நின்று இறங்கும்.

சில நிலங்களில் "இங்க நட வேண்டாங்கய்யா. ரெண்டு வருசம் ஆட்ட மட்டும் நிறுத்துங்க, தானா வரும்" என்று சொல்லிவிட்டு ஆய்வுக்காசு மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தனக்கு வரும் வேலையைத் தானே வேண்டாம் என்று சொல்லும் ஆலோசகரை நம்பலாம். பாறைவெளிக்கும் இதே பேச்சுதான். மதுரையின் வடக்கே அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்களே, 193.215 ஹெக்டேர், அங்கே லகர் வல்லூறு இருப்பது மரம் அடர்ந்ததால் இல்லை. திறந்த வறண்ட வெளியில் வேட்டையாடும் பறவை அது. அப்படிப்பட்ட பொட்டலை மரத்தால் அடைப்பது மீட்பு ஆகாது.

குறைகளும் உண்டு. எழுத்து அறிக்கை பலவீனம். வரைபடம் கையால் போட்டது, ஜிபிஎஸ் புள்ளிகள் அரைகுறை. வங்கிக்கோ சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணம் தரும் நிறுவனத்துக்கோ காட்ட வேண்டுமென்றால் கல்லூரித் தாவரவியல் துறையில் ஒருவரைத் தனியாகப் பிடித்து எழுத வைக்க வேண்டும். அந்த அறிக்கையில் தகவல் சொன்ன பளியர்களின் பெயர், அவர்கள் சம்மதித்தால், ஆய்வாளர்களாகவே வர வேண்டும். 'உதவி: உள்ளூர் தொழிலாளர்கள்' என்று ஒரு வரியில் முடிக்கும் வழக்கம் அநியாயம். இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நடக்கிறது. அதைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்க 2017இல் நிபுணர்களாகவே அழைத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த மரியாதை இங்கே ஒரு தோப்புக்காரரிடமிருந்தும் கிடைக்க வேண்டும்.

தேன் எடுக்கும் சித்திரை, வைகாசியில் ஆள் கிடைக்காது. நாற்றங்கால் சிறியது, ஒரு வருடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். திருமங்கலம், கல்லுப்பட்டிக் கரிசலுக்கும் கண்மாய் உள்வாய்க்கும் இவர்களைக் கூப்பிட வேண்டாம். சீமைக்கருவேல் வேலையில் அனுபவம் குறைவு என்று அவர்களே சொல்கிறார்கள். அது அந்தந்த ஊர்க்காரர்கள் கைவேலை.

அனுமதி உங்கள் பொறுப்பு. பட்டா நிலமென்றால் சிட்டா நகலும் புலப்படமும் எடுத்து எல்லையை முதலில் காட்டுங்கள். காப்புக்காடு ஒட்டிய நிலத்தில் எல்லைக் கல் தெரியாமல் வேலை தொடங்கினால் வனத்துறை வழக்கு முதலில் விழுவது வேலை செய்கிற பளியர்கள் மேல்தான். கோயில்காடு என்றால் அறநிலையத் துறைக் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று பாருங்கள். கண்மாய்க்கரை என்றால், ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 100 ஏக்கருக்கு மேற்பட்டது நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். வன உரிமைச் சட்டம் 2006 அவர்களுக்குத் தரும் சிறுவனப் பொருள் உரிமை வேறு விஷயம். அதைக் காட்டி உங்கள் தோப்புக்கு காப்பகத்திலிருந்து விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். தாய்மரங்கள் பட்டா நிலத்திலும் கோயில்காட்டிலும் போதுமான அளவு இருக்கின்றன.

பணம்: ஆய்வுக்குத் தனி, எடுப்புக்கு ஆள்நாள் கணக்கு, நாற்றுக்கு எண்ணிக்கை, தொடர்வேலைக்கு வருடத்துக்கு ஒரு தொகை. நான்கையும் ஒரே தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஜிஎஸ்டி பில் கிடைக்காது, வவுச்சர்தான். வேலைநாள் சாயங்காலமே கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் ஆவணிக்குள் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். நாற்றும் அவர்களிடமே வாங்குவதென்றால் அதற்கு முந்தின வருடம் இலுப்பை உதிரும் காலத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.