நீலநிற 3பிடிடி ஃபுட்சுவிட்ச்: இரட்டை பெடலுக்கு வாங்கலாமா?

கிட்டார் பெடலை (கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் மிதிக்கும் பெட்டி) வீட்டிலேயே செய்கிறவர்கள் கையில் இந்த நீல சுவிட்ச் எப்போதாவது வந்து போயிருக்கும். 3பிடிடி என்றால் ஒரே மிதியில் மூன்று தனித்தனி இணைப்புகளை இரு பக்கத்துக்கும் மாற்றுவது: அடியில் மூன்று வரிசையாக ஒன்பது கால்கள், மேலே 12 மில்லிமீட்டர் துளையில் உட்காரும் மரை, பிராண்ட் பெயர் எதுவும் கிடையாது. ஆன்லைனில் ஒன்று 200 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒலியைக் கரகரப்பாக்கும் இரண்டு சர்க்யூட்கள், ஒரு ஃபஸ், ஒரு ஓவர்டிரைவ், இரண்டும் ஒரே 1590பிபி அலுமினியப் பெட்டிக்குள் என்று நான் செய்த பெடலுக்காக வாங்கியது இது.

பைபாஸ் வேலைக்கு, அதாவது எஃபெக்ட்டை அணைத்துக் கிட்டார் சிக்னலை நேராக வெளியே விடுவதற்கு, இதைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் வயரிங்கில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலர் கிட்டார் ஜாக்கை நடுக்காலில் கட்டுகிறார்கள். நான் சர்க்யூட் போர்டின் இன்புட்டை நடுக்காலில் கட்டினேன். அதன் ஒரு பக்கம் கிட்டார் ஜாக், மறு பக்கம் கிரவுண்ட். அடுத்த வரிசையில் அவுட்புட் ஜாக் நடுவில்; ஒரு பக்கம் போர்டின் அவுட்புட், மறு பக்கம் கிட்டார் ஜாக். மூன்றாவது வரிசை எல்இடிக்கு. இப்படிச் செய்தால் பைபாஸில் இருக்கும்போது போர்டின் இன்புட் கிரவுண்டோடு சேர்ந்துவிடும். ஃபஸ் மாதிரி கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமான சர்க்யூட், இன்புட்டை இப்படிக் கிரவுண்டில் கட்டாவிட்டால், அணைத்த பிறகும் பக்கத்து வயரில் சத்தத்தைக் கசியவிடும். இரண்டு சர்க்யூட் நெருக்கிக்கொண்டு கிடக்கும் பெட்டியில் இது நன்றாகவே கேட்கும்.

மிதித்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்கிறது என்று இந்த சுவிட்சைத் திட்டுபவர்கள் நிறைய. பெரும்பாலும் அது சுவிட்சின் தப்பு இல்லை. சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கெப்பாசிட்டரில் கசியும் டிசி, சர்க்யூட் துண்டாகி இருக்கும் நேரத்தில் தேங்கி நின்று, இணைந்ததும் மொத்தமாக ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விடுகிறது. போர்டின் அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டால் அடங்கும். மேலே சொன்ன வயரிங்கில் இன்புட் ஏற்கெனவே கிரவுண்டில் இருப்பதால் அந்தப் பக்கம் தேவையில்லை.

சாலிடர் செய்யும்போது மட்டும் அவசரம் கூடாது. உள்ளே ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சின்னத் தகடு, நடுக்காலின் மேல் சீசா மாதிரி இரு பக்கமும் சாய்ந்துதான் தொடர்பை மாற்றுகிறது. சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்தால் தகடு சரியாகப் படியாது. அப்புறம் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான்.

ஃபஸ், ஓவர்டிரைவ் இரண்டில் எது முதலில், எது பின்னால் என்று வரிசையை மாற்றுவதற்கு நான்கு வரிசைக் கால்கள் கொண்ட 4பிடிடி வேண்டும் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். மூன்று வரிசைக் கால்களே போதும். கிட்டார் சிக்னல் ஃபஸ்ஸுக்கோ ஓவர்டிரைவுக்கோ போகிறது. ஃபஸ்ஸின் அவுட்புட் ஓவர்டிரைவுக்கோ வெளி ஜாக்குக்கோ போகிறது. ஓவர்டிரைவின் அவுட்புட் வெளி ஜாக்குக்கோ ஃபஸ்ஸுக்கோ போகிறது. அவ்வளவுதான். நான்காவது வரிசை எல்இடிக்கு மட்டும்தான் பயன்படும். அதையும் மிச்சப்படுத்த, காலால் மிதிக்கிற சுவிட்சுக்குப் பதிலாக கையால் குச்சியைச் சாய்க்கிற ஒரு மினி டாகிள் 3பிடிடியைப் பெட்டியின் மேல் ஓரத்தில் வைத்தேன். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதுவே வரிசையைச் சொல்லிவிடும். பாட்டின் நடுவே வரிசையை மாற்றுகிற தேவை எனக்கு வந்ததே இல்லை. பழைய பாணி ஃபஸ், கிட்டாரின் பிக்அப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) நேரடியாகப் பார்க்க வேண்டிய ஜாதி. அதற்கு முன்னால் ஓவர்டிரைவ் ஓடினால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்கும் அந்த அழகு போய்விடும். எனவே குச்சி முக்கால்வாசி நேரம் ஒரே பக்கம்தான்.

இந்த நீல சுவிட்சிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். நான் வாசிப்பது கோயில் கொயரில். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். வெறுங்காலால் இதை மிதித்துப் பாருங்கள், தெரியும். ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு, மூடி அவ்வளவு சின்னது. அதோடு, ஜெபம் நடக்கும் அமைதியில் அடுத்த பாட்டுக்குத் தயாராக மிதித்தால், 'டக்' என்ற சத்தம் மைக் இல்லாமலே பின் பெஞ்சு வரை போகும். ஷூ போட்டு மேடையில் வாசிக்கிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே படாது.

அதனால் பைபாஸ் இரண்டையும் ரிலேவுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாற்றினேன்: பானாசோனிக் டிக்யூ2, 5 வோல்ட், சர்க்யூட்டுக்கு ஒன்று. மேலே மெத்தென்று அமுங்கும் மொமென்டரி சுவிட்ச் (மிதித்திருக்கும் வரை மட்டும் இணைவது), நடுவில் அதைப் படித்து ரிலேவை இயக்கும் ஏடிடைனி85 மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஒன்று. ரிலேவில் இரண்டே வரிசை; எல்இடியைச் சிப்பே ஏற்றி அணைப்பதால் அதுவே போதும். சத்தம் பெட்டிக்குள் ஒரு சின்ன 'டிக்'கோடு நின்றுவிட்டது. காலுக்கும் நிம்மதி. செலவும் வேலையும் கூடுதல், ப்ரோக்ராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரிலே இழுத்துப் பிடிக்க ஏறத்தாழ 28 மில்லி ஆம்பியர் கேட்கும். இரண்டும் சேர்ந்தால் 9 வோல்ட் பேட்டரியை மறந்துவிட்டு அடாப்டரில் ஓட்ட வேண்டியதுதான்.

நீல சுவிட்ச் ஒரு விஷயத்தில் இன்னும் ஜெயிக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் ரிலே பைபாஸுக்கு விழுந்துவிடும். நீலம் விட்ட இடத்திலேயே நிற்கும். கடைசி நிலையைச் சிப்பின் இஇபிராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதி வைத்தால் இதையும் சரிக்கட்டலாம். ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு அது தாராளம்.