வெள்ளை, பிரவுன், கோதுமை, மல்டிகிரெய்ன்: தினமும் சாப்பிட எந்த பிரெட்?

சின்ன வயதில் எங்கள் வீட்டில் பிரெட் என்றால் காய்ச்சல். உடம்பு சுட்டால், அப்பா வேலை முடிந்து வரும்போது மெழுகுத்தாள் சுற்றிய பாக்கெட் ஒன்றை வாங்கி வருவார். அம்மா சூடான பாலில் தோய்த்துக் கொடுப்பார். காய்ச்சல் விட்டதும் பிரெட் போய்விடும், இட்லி திரும்பி வரும். அதே பிரெட்தான் இன்று பல வீடுகளில் வாரத்துக்கு நாலு நாள் காலைச் சாப்பாடு. எடையைக் குறைக்க நினைப்பவர்கள் வீட்டில் இன்னும் அதிகம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன பிறகு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அதிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் பிரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை. அப்படிப் படித்துப் படித்துப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கலோரியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 100 கிராம் வெள்ளை பிரெட்டில் சுமார் 265 கலோரி. முழுக் கோதுமை பிரெட்டில் சுமார் 250. பிரவுன் பிரெட் இரண்டுக்கும் நடுவில். மல்டிகிரெய்ன் சில சமயம் வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், காரணம் அதில் சேரும் எள், ஆளி விதை, சூரியகாந்தி விதை எல்லாமே எண்ணெய் வித்துகள். 100 கிராம் விதையில் 500 கலோரிக்கு மேல்.

நாம் சாப்பிடுவது இரண்டு ஸ்லைஸ், அதாவது ஏறக்குறைய 50 கிராம். அந்தக் கணக்கில் வெள்ளைக்கும் முழுக் கோதுமைக்கும் வித்தியாசம் ஏழெட்டு கலோரி. ஒரு டீஸ்பூன் வெண்ணெயில் மட்டும் 36 கலோரி இருக்கிறது. ஆக, கலோரியை மட்டும் பார்த்து பிரெட்டை மாற்றுவதில் ஒரு லாபமும் இல்லை. இது தெரிந்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. வெள்ளையை விட்டுவிட்டாலே எடை குறைய ஆரம்பித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கலோரியை உண்மையில் மாற்றுவது ஸ்லைஸின் எடை. 400 கிராம் பாக்கெட்டில் வரும் சாதாரண ஸ்லைஸ் 25 கிராம் சுற்றி இருக்கும். சாண்ட்விச் பிரெட் என்று விற்கும் பெரிய சதுரத்தை வீட்டுத் தராசில் வைத்தால் 30 கிராமைத் தாண்டும். பேக்கரியில் முழுதாக வாங்கி நாமே வெட்டினால் 45, 50 கிராம்கூட ஆகும். 'ரெண்டே ரெண்டு ஸ்லைஸ்தான் சாப்பிட்டேன்' என்ற பேச்சில் 130 கலோரியும் இருக்கலாம், 260 கலோரியும் இருக்கலாம். பாக்கெட்டில் 'ஒரு சர்விங்குக்கு' என்று போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி ஒரு ஸ்லைஸை சர்விங் என்கிறது, இன்னொன்று இரண்டை. இரண்டு பாக்கெட்டை ஒப்பிட 100 கிராமுக்கான கட்டம்தான் சரி.

கலோரி ஒன்றாக இருந்தால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என் பதில்: பதினொரு மணிக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை வைத்து. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். 38 வகை உணவுகளை ஒரே அளவு கலோரியில், ஏறத்தாழ 240 கலோரிக்கு, சிலருக்குக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 என்று வைத்துக்கொண்டால் முழுத் தானிய பிரெட்டுக்கு 154. முட்டைக்கு 150. வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் நிறைந்த க்ரோசன்ட்டுக்கு வெறும் 47. சின்னச் சோதனைதான், ஆனால் என் வயிறு சொன்னதும் இதேதான். வெள்ளை பிரெட் இரண்டு சாப்பிட்ட நாளில் பத்தரை மணிக்கெல்லாம் கை பிஸ்கட் டப்பாவைத் தேடும். அந்த நாலு பிஸ்கட்டின் கலோரியை யாரும் பிரெட் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் நார்ச்சத்து. கோதுமை மணியில் வெளியே தவிடு, உள்ளே சின்னதாக முளைக்கரு, மீதி எல்லாம் மாவுப் பகுதி. தவிட்டையும் கருவையும் நீக்கிவிட்டால் மைதா. வெள்ளை பிரெட்டில் 100 கிராமுக்கு இரண்டு, இரண்டரை கிராம் நார்ச்சத்து இருந்தால், நல்ல முழுக் கோதுமை பிரெட்டில் ஆறு, ஏழு கிராம் இருக்கும். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. காலையிலேயே அதில் மூன்று கிராமைப் பிடிப்பதற்கும் ஒரு கிராமைப் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

வெள்ளை பிரெட்டை நான் திட்டப் போவதில்லை. அது மைதா என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது. வயிறு சரியில்லாதவர்களுக்கு, வாய்ப்புண் வந்தவர்களுக்கு அதுதான் சௌகரியம். வெள்ளை பிரெட்டில் விஷம் இருக்கிறது என்று பரவும் செய்திக்கு ஒரு பின்னணி உண்டு. 2016இல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன், பாவ் மாதிரிகளைச் சோதித்தபோது 84 சதவீதத்தில், மாவு நன்றாக எழும்பச் சேர்க்கும் ரசாயனங்களான பொட்டாசியம் புரோமேட்டோ பொட்டாசியம் அயோடேட்டோ இருந்தது. அதே வருடம் பொட்டாசியம் புரோமேட்டை இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். அது எல்லா வகை பிரெட்டையும் தொட்ட பிரச்சினை, வெள்ளையை மட்டும் அல்ல.

எனக்குக் கோபம் வருவது பிரவுன் பிரெட் மேல்தான். நிறத்தைப் பார்த்து, 'ஆரோக்கியம்' என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோம். பின்பக்கத்தைத் திருப்பினால் பல பாக்கெட்டுகளில் முதல் பெயரே ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர், அதாவது மைதா. அப்புறம் கொஞ்சம் கோதுமை மாவு அல்லது தவிடு, கடைசியில் கேரமல் நிறம், ஐ.என்.எஸ். 150 என்ற எண்ணோடு (உணவில் சேர்க்கும் நிறம் போன்றவற்றுக்கான சர்வதேச எண் அது). நம் நாட்டில் பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் எடை வரிசைப்படி இருக்க வேண்டும். எது அதிகமோ அது முதலில். அதனால் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் இருக்கட்டும், பச்சை இலை இருக்கட்டும், பட்டியலில் முதல் பெயரைப் படித்தால் போதும். அது மைதா என்றால் அது வெள்ளை பிரெட்தான், சட்டை மட்டும் வேறு. 'வீட் ஃப்ளோர்' என்று மொட்டையாக இருந்தாலும் நம்ப வேண்டாம். 'ஹோல் வீட் ஃப்ளோர்' அல்லது 'ஆட்டா' என்று இருக்க வேண்டும், பக்கத்தில் எத்தனை சதவீதம் என்றும் இருந்தால் இன்னும் நல்லது.

நான் இரண்டு வருடம் ஒரே பிரவுன் பிரெட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கு 'இதுதான் உனக்கு நல்லது' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் பட்டியலைப் படித்தபோது முதலில் மைதா, மூன்றாவது இடத்தில் சர்க்கரை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த ஒன்றை மட்டும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மல்டிகிரெய்ன் விஷயமும் பாதி இதே கதை. பல தானியம் என்றால் பல தானியம் இருக்கிறது என்றுதான் அர்த்தம், எவ்வளவு இருக்கிறது என்று அல்ல. மேலே தூவிய ஓட்ஸும் எள்ளும் கண்ணுக்குத் தெரியும், உள்ளே மைதா. ஆனால் முதல் பெயர் முழுக் கோதுமையாக இருந்து, விதைகளின் சதவீதமும் கௌரவமாக இருந்தால், வாங்கலாம். கலோரி கொஞ்சம் கூடும், அதற்கேற்றபடி பசியும் தாங்கும். இதே கணக்கு ராகி பிரெட், தினை பிரெட்டுக்கும் பொருந்தும். 2023ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு ஊரில் எல்லா பேக்கரியிலும் இவை வந்துவிட்டன. கேழ்வரகிலும் தினையிலும் குளூட்டன், அதாவது மாவை இழுபட வைத்து எழும்பச் செய்யும் கோதுமைப் புரதம், கிடையாது, அதனால் அவற்றை மட்டும் வைத்துச் செய்தால் நமக்குப் பழக்கமான பஞ்சுபோன்ற பிரெட்டாக எழும்பாது. அப்படிப் புசுபுசுவென்று எழும்பியிருந்தால் பெரும்பாலும் அதில் கோதுமையோ மைதாவோதான் அதிகம். கேழ்வரகு வேண்டுமென்றால் கூழோ அடையோ நேரடியான வழி.

முழுக் கோதுமை பிரெட்டுக்கு என் ஓட்டு. ஆனால் அதிலும் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று சொல்லும், சர்க்கரை நோயாளிகள் பார்க்கும் கிளைசெமிக் குறியீட்டில், 2008இல் வெளியான சர்வதேசப் பட்டியல்படி வெள்ளை பிரெட்டுக்கு 75, முழுக் கோதுமை பிரெட்டுக்கு 74. ஏறத்தாழ ஒன்றுதான். வெள்ளைச் சோறு 73. சப்பாத்தி 52, முழு மணிகள் உடையாமல் தெரியும் பிரெட் 53. மாவை மிக நைசாக அரைத்து, காற்றைப் புகுத்தி மெத்தென்று ஆக்கிவிட்டால் தவிடு இருந்தும் மாவுச்சத்து சீக்கிரம் சர்க்கரையாகிவிடுகிறது. ஆகவே கோதுமை பிரெட் என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து நாலு ஸ்லைஸ் சாப்பிட வேண்டாம். கனமாக, கொஞ்சம் சொரசொரப்பாக, கடித்து மெல்ல வேண்டியிருக்கும் பிரெட்தான் நல்ல பிரெட். அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் திரும்ப எழும் பாக்கெட்டை நான் அடுக்கிலேயே விட்டுவிடுகிறேன்.

சவர்டோ இப்போது சென்னை, கோவை, பாண்டிச்சேரியில் நிறையக் கிடைக்கிறது. நம் இட்லி மாவு மாதிரிதான், இயற்கையாகப் புளிக்கவைத்த மாவு. புளிப்பு அமிலம் இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும், தவிட்டில் கட்டுண்டு கிடக்கும் இரும்பும் துத்தநாகமும் உடம்புக்கு எளிதாகக் கிடைக்கும். கலோரி குறையாது. மைதாவில் செய்த சவர்டோவில் நார்ச்சத்தும் கூடாது. விலையும் சாதாரண பிரெட்டைவிடப் பல மடங்கு. பட்டியலில் மாவு, தண்ணீர், உப்பு மட்டும் இருந்தால் அசல். ஈஸ்ட்டும் வினிகரும் இருந்தால் புளிப்புச் சுவைக்காக மட்டும் காசு கொடுக்கிறீர்கள். முழுக் கோதுமை சவர்டோ கட்டுப்படியானால் அதற்கு மேல் ஒன்று இல்லை, ஆனால் தினமும் வாங்கும் பொருளாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பால் பிரெட், ஸ்வீட் பிரெட், பன் மூன்றும் இந்தப் போட்டியிலேயே இல்லை. டீக்கடை பன் பட்டர் ஜாம் எப்போதாவது ஒருநாள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். தினசரிக்கு வேண்டாம். புதிதாக வரும் புரோட்டீன் பிரெட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு முட்டை வாங்கினால், ஒரு முட்டைக்கு ஆறு கிராம் புரதம் வந்துவிடும்.

'இதற்கெல்லாம் இட்லியே சாப்பிடலாமே' என்று என் அத்தை கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு சாதாரண இட்லி 50, 60 கலோரி, எண்ணெய் இல்லை, சாம்பாரோடு பருப்பும் காயும் சேர்ந்து வருகிறது. இரண்டு ஸ்லைஸ் பிரெட்டுக்குச் சமமாக இரண்டு இட்லிக்கு மேல் வந்துவிடும். எண்ணெய் தடவாத சப்பாத்தி ஒன்று 100, 120 கலோரி, மாவை நாமே அரைத்து வாங்கினால் அதில் மைதா என்ற பேச்சே இல்லை. நேரம் இருக்கும் வீட்டில் இவை இரண்டும் பிரெட்டை ஜெயித்துவிடும். பிரெட் ஜெயிப்பது மாவு தீர்ந்த காலையில், விடுதி அறையில், எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் கையில்.

அப்படி ஓடும்போது மேலே என்ன தடவுகிறோம் என்பதில்தான் கணக்கு கெடுகிறது. இரண்டு ஸ்லைஸ் கோதுமை பிரெட் 130 கலோரி. பத்து கிராம் வெண்ணெய் 70, ஒரு ஸ்பூன் ஜாம் 40: மொத்தம் 240, அதில் புரதம் பிரெட்டில் இருப்பது மட்டும்தான். அதே பிரெட்டில் ஒரு அவித்த முட்டையை நறுக்கி வைத்து, வெங்காயம், தக்காளி, மிளகுத்தூள் போட்டால் 220க்குள் முடியும், மதியம் வரை தாங்கும். மயோனைஸ் ஒரு டேபிள்ஸ்பூன் 100 கலோரி வரை போகும். அதற்குப் பதிலாகக் கெட்டித் தயிரில் புதினாச் சட்னியைக் கலந்து தடவிப் பாருங்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மயோனைஸை மறந்துவிட்டார்கள். உப்பையும் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்லைஸில் 200 முதல் 250 மில்லிகிராம் சோடியம் வரும், நாள் முழுவதற்கும் 2000தான் எல்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேலே சீஸ் ஸ்லைஸும் வைக்காமல் இருப்பது நல்லது.

கெடாமல் வைக்கும் பொருள் எதுவும் சேர்க்காத முழுக் கோதுமை பிரெட் நம் ஊர் வெக்கையில் இரண்டு, மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூசணம் வருவது தள்ளிப்போகும், ஆனால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு கட்டையாகும். வாங்கி வந்த அன்றே பாதிப் பாக்கெட்டைக் காற்று புகாத கவரில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறேன். காலையில் இரண்டு ஸ்லைஸை எடுத்து அப்படியே தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல், பொன்னிறம் வரும்வரை வாட்டினால் போதும். உறையவைத்து வாட்டிய பிரெட்டில் மாவுச்சத்து கொஞ்சம் இறுகி, சர்க்கரை சற்றே மெதுவாக ஏறுகிறது என்பது கூடுதல் நன்மை. கருக விட வேண்டாம்.