மூன்றாவது விளக்கு எரிவதற்குள்

யுபிஎஸ் பேட்டரி மாற்றி நான்கு நாள் ஆகிறது. அதே வாரம் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் விலை இறங்கியிருப்பதாக அரவேனுவிலிருந்து ஒரு தம்பி செய்தி அனுப்பினான். “பழைய விளையாட்டுதானே அண்ணா, இப்போது வாங்கலாமா?” ஒரு வரியில் பதில் வரவில்லை.

2014இல் வந்தது, விண்வெளி நிலையம், கொல்லவே முடியாத ஒரு மிருகம், ஒளிந்து பிழைக்க வேண்டிய அமண்டா ரிப்ளி என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். எனக்குள்ள வழக்கு வேறு. அது ஆடிய இடம்வரை ஆட்டத்தைச் சேமித்து வைப்பதைப் பற்றியது.

நினைத்த இடத்தில் இதில் சேமிக்க முடியாது. சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசிப் பெட்டியைத் தேடிப் போய், அட்டையைச் செருகிவிட்டு நிற்க வேண்டும். ஒரு விளக்கு எரியும். இன்னொன்று எரியும். மூன்றாவதும் எரிந்தால்தான் ஆட்டம் பதிவாகும். அந்தச் சில நொடிகளிலும் மிருகம் சும்மா இருக்காது. பின்னால் வந்து நின்றால் அதோடு சரி. குரூரமான யோசனை, ரசிக்கிறேன். ஆனால் யோசித்தவர்கள் ஐப்பசியில் கோத்தகிரிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எந்தத் தோட்டத்து சில்வர் ஓக் மரம் எந்த மின்கம்பியில் சாயும் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது கட்டம், மருத்துவப் பிரிவு. முக்கால் மணி நேரம் கட்டிலுக்கு அடியிலும் மேசைக்கு அடியிலும் தவழ்ந்து பெட்டியை அடைந்தேன். இரண்டு விளக்கு எரிந்தது. ஊர் இருண்டது. யுபிஎஸ் ஒருமுறை கீச்சிட்டுவிட்டு அடங்கியது.

இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் மின்சாரம் போனது ஊருக்கா, வீட்டுக்கு மட்டுமா என்று பார்க்க வெளித் திண்ணையிலுள்ள மெயின் சுவிட்ச் வரை போக வேண்டும். கோயில் விளக்கு எண்ணெயைத் தேடி இருட்டிய பிறகு கரடி வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. கதவை ஒரு விரல் அகலம் திறந்து, மூச்சை அடக்கி, மூடுபனிக்குள் காதை வைத்து நிற்பேன். விளையாட்டில் அலமாரிக்குள் ஒளிந்து மூச்சை அதிக நேரம் அடக்கினால் உயிர் குறையும். திண்ணையில் கணக்கு காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பேட்டரி மாற்றிக் கொடுத்தவரிடம் புலம்பினேன். “கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதற்குத்தான் சார் யுபிஎஸ், விளையாடுவதற்கு இல்லை” என்றார். நியாயம்தான். எரிச்சல் அதனால் குறையவில்லை.

இதில் என்னைத் தோற்கடித்த விஷயம் ஒன்று உண்டு. மிருகத்தின் அறிவை இரண்டு அடுக்காகச் செய்திருக்கிறார்கள். மேல் அடுக்குக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் மிருகத்திடம் அது ‘அந்தப் பக்கமாகத் தேடு’ என்ற அளவுக்குத்தான் துப்புக் கொடுக்கும். மிச்சத்தை மிருகமே கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே பறிபோன முக்கால் மணியைத் திரும்ப ஆடியபோது அது வேறு முக்கால் மணியாக இருந்தது. போன முறை காற்றுக்குழாயிலிருந்து இறங்கிய இடத்தில் இந்த முறை இறங்கவில்லை. கையிலுள்ள அசைவுமானி தூரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லும். தலைக்கு மேலா, நம் தளத்திலா என்று சொல்லாது. திட்டிக்கொண்டே உட்கார்ந்தவன் திட்ட மறந்துபோனேன். மூன்று முறையும் அப்படித்தான். அதை நினைத்தால்தான் இன்னும் கோபம் வருகிறது.

நிலையத்தில் திரியும் இயந்திர மனிதர்கள் அலுப்பு. 18 கட்டங்களில் கடைசி ஐந்தாறு இழுவை.

வாங்காதே தம்பி. நான் ஆடியதிலேயே சிறந்த பயமுறுத்தும் விளையாட்டு இதுதான், இருந்தாலும் வாங்காதே. உன் வீட்டில் யுபிஎஸ்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து ஆடிப் பார். ஐந்தாவது கட்டத்தை உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். இருட்டுவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.