வண்டி நம்பரைத் தராதவரிடம் கேரவன் எடுக்காதீர்கள்

ஐப்பசியில் ஊர் உலகமெல்லாம் துலா முழுக்குக்கு மயிலாடுதுறைக்கு வரும். நாங்கள் அங்கிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். நடவு முடிந்திருந்தது, பிள்ளைகளுக்குத் தீபாவளி லீவு. படுத்துக்கொண்டே மலையேறலாம், கேரவன் எடுப்போம் என்றது மச்சான்தான்.

நாளுக்கு 9,000 ரூபாய், மூன்று நாள். ஜிபேயில் 12,000 முன்பணம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அடுக்குப் படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் பளபளத்தன.

நான் கேட்டது ஒன்றுதான், வண்டி நம்பர். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நம்பர் இல்லாமல் பாஸ் எடுக்க முடியாது. மூன்று முறை கேட்டேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் சார், நீங்க ஜாலியா வாங்க" என்றார் வண்டி ஓனர். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

விடிகாலை நாலு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்தது. முழுக்கெல்லாம் முடிந்தபிறகு கார்த்திகை முதல் தேதி எங்கள் ஊரில் முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு, அந்தக் கதைதான். மாமியார் கட்டிய புளியோதரை வாசலிலேயே பாதி காலி.

வந்தது பழைய டெம்போ டிராவலர். நம்பர் பிளேட் வெள்ளை! வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்ட எடுப்பது என்றால் கறுப்பில் மஞ்சள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டு, மலையில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். இது தெரிந்தும் ஏறினேன். பிள்ளைகள் பையோடு நிற்கும்போது வாய் வரவில்லை.

சீட்டைக் கழற்றிய போல்ட் ஓட்டைகளில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு ஃபோம் மெத்தை. கழிப்பறை என்பது திரை போட்ட மூலை, அதில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முந்தைய பார்ட்டி போனபின் அதைக் காலி செய்யவே இல்லை. தஞ்சாவூர் தாண்டுவதற்குள் எல்லார் மூக்கிலும் துணி. வத்தலக்குண்டு தாண்டி வளைவுகளில் அது தளும்பியதை எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளி நீர்வீழ்ச்சிச் சாவடியில் பாஸ் கேட்டார்கள். டிரைவர் காட்டியது வேறொரு வண்டியின் பாஸ். "ஓனர் இதத்தான் குடுத்தாருண்ணே." பாவம், அந்தப் பையனைத் திட்டி என்ன? நின்ற இடத்திலேயே மனைவி போனில் புதிதாக எடுத்தாள். மழை வேறு. ராத்திரி ஓட்டை வழியாக மெத்தை நனைந்து, லாட்ஜில்தான் படுத்தோம்.

நம்பர் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். வண்டி எந்த வகை, இன்சூரன்ஸ் எதுவரை என்பது வந்துவிடும். நம்பர் வராவிட்டால் முன்பணமும் போகக்கூடாது.

திரும்பியதும் பாக்கியோடு, கழிப்பறை சுத்தம் செய்ய என்று 800 ரூபாய் தனியாகக் கேட்டார் ஓனர். அதைத் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன். அவர் ஸ்டேட்டஸில் அதே பளபள படங்கள் இன்னும் ஓடுகின்றன. இப்போது கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை பேக்கேஜாம்.