பேஸ்மேக்கரில் சந்தேகம் வந்தால்: வீட்டில் நாடி பார்ப்பதா, இங்கே ஈசிஜியா, கண்டிக்கே போவதா?

"ஈசிஜி எடுத்தாச்சு, நோர்மலாம், பயப்பட ஒன்றுமில்லை." பேஸ்மேக்கர், அதாவது இதயம் மெதுவாகும்போது அதைத் துடிக்க வைக்க நெஞ்சில் வைக்கிற சிறு பெட்டி, வைத்தவர்கள் இருக்கும் வீடுகளில் பல தடவை இந்த வசனத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அப்படி முடியக் கூடாது என்பதுதான் என் நிலைப்பாடு. அம்மாவுக்குக் கண்டியில் பேஸ்மேக்கர் வைத்து வருடங்கள் ஓடிவிட்டன, நாங்கள் இருப்பது திருகோணமலை உவர்மலையில், தலைச்சுற்றும் களைப்பும் தொடங்கிய பிறகு கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டோம்.

முதலில் ஒன்று. மயங்கி விழுந்தாலோ, விழப்போகிற மாதிரி கண் இருட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம், உடனே 1990-க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம், பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பெட்டி வைத்த இடம் சிவந்து வீங்கினாலும், அதில் நீர் கசிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

சரி, அவ்வளவு அவசரமில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று மனம் சொல்கிறது. அப்போது கையில் முதலில் இருப்பது நாடிதான். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் இடையில் விடுபடும் துடிப்பு தெரியாது. பேஸ்மேக்கரை எந்த வேகத்துக்குக் கீழே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைத்திருந்தால்தான் இந்த எண்ணிக்கைக்கு அர்த்தம். பெரும்பாலும் அது 60, சிலருக்கு நித்திரை நேரத்துக்கு இன்னும் குறைவாக வைத்திருப்பார்கள். எண்ணிக்கை அதற்குக் கீழே இறங்கினால் மெஷின் பழுது என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. முந்திக்கொண்டு வருகிற சில துடிப்புகள் பலமில்லாமல் இருப்பதால் மணிக்கட்டுவரை வந்து சேராது, அதனால் நாடியும் விரலில் மாட்டுகிற ஒக்சிமீட்டரும் குறைவாகக் காட்டும். ஸ்மார்ட் வாட்ச்சை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஆகவே நாடி பார்ப்பது ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும், போக வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாது.

அடுத்தது ஈசிஜி. திருகோணமலை ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், காசும் இல்லை, அலைச்சலும் இல்லை, அதனால் முதல் படியாக இதையே சொல்வேன். ஆனால் அது படுத்திருக்கும் சில வினாடிகளை மட்டும் பிடிக்கிறது. இப்போதைய பேஸ்மேக்கர்கள் பெரும்பாலும் தேவைப்பட்டால் மட்டுமே வேலை செய்யும்படி வைக்கப்படுகின்றன, இதயம் தானாகவே போதுமான வேகத்தில் துடித்தால் பேசாமல் இருக்கும். எடுத்த நேரம் அது சும்மா இருந்திருந்தால், தேவைப்படும்போது வேலை செய்யுமா என்று அந்தத் தாளில் எப்படித் தெரியும்? பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகிற வயர் ஒன்று உள்ளே முறிந்திருந்தாலோ அதன் உறை தேய்ந்திருந்தாலோ, கையைத் தூக்கும்போது மட்டும் தொடர்பு விட்டுப் போகலாம். அம்மாவுக்குக் கோணேசர் கோயில் ஏற்றத்தில்தான் கண் இருட்டும், கட்டிலில் படுத்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. ஈசிஜியோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தால் வயர் இடம் மாறியிருக்கிறதா என்று ஓரளவு தெரியும். டொக்டர்கள் பெட்டியின் மேல் காந்தம் வைத்தும் பட்டரியைப் பார்ப்பார்கள், காந்தம் வைத்ததும் அது ஒரு குறித்த வேகத்தில் துடிக்கத் தொடங்கும், பட்டரி இறங்க இறங்க அந்த வேகம் குறையும், கொம்பனிக்குக் கொம்பனி கணக்கு வேறு. தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

ஹோல்டர், அதாவது ஒரு நாள் முழுக்க உடம்பில் கட்டிவிடுகிற பதிவு மெஷின், ஈசிஜியைவிட நல்லது. ஆனால் தலைச்சுற்று வாரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்றால் அந்த ஒரு நாளில் அது அகப்படுவது அதிர்ஷ்டம்.

பெட்டியையே கேட்கிற வழி, புரோகிராமர், அதாவது பெட்டியில் உள்ளதை வெளியிலிருந்தே வாசித்து மாற்றுகிற மெஷின், வைத்துப் பார்ப்பது. நெஞ்சுக்கு மேல் ஒரு கருவியைப் பிடிப்பார்கள், ஊசி இல்லை, நோவு இல்லை. பட்டரி எவ்வளவு மிச்சம், வயரின் மின்தடை சரியா, இதயத்தைத் துடிக்க வைக்க இப்போது எவ்வளவு சக்தி தேவைப்படுகிறது, இதயத்தின் சொந்தத் துடிப்பை அது கவனிக்கிறதா, கடந்த மாதங்களில் என்ன நடந்தது என்று எல்லாம் வெளியே வரும். பல சமயம் பழுதே இருக்காது, செற்றிங்கை மாற்றியதும் களைப்பு குறைந்துவிடும். இதில் ஒரு சிக்கல், மெட்ரோனிக் பெட்டியை அபொட்டின் புரோகிராமரால் வாசிக்க முடியாது, ஒவ்வொரு கொம்பனிக்கும் தனித்தனி. அதனால் பேஸ்மேக்கர் அட்டை இல்லாமல் போனால் பயணமே வீணாகலாம். வைத்த நாளில் தந்த அந்த அட்டையைப் படமெடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் வைத்திருங்கள்.

எங்கே போவது? என் தெரிவு, வைத்த இடத்துக்கே போவது. பழைய பதிவுகள் அங்கேதான் இருக்கும், வயர் வைத்த அன்று எடுத்த அளவுகளோடு இன்றைய அளவை ஒப்பிட்டால்தான் மாற்றம் புரியும். கண்டி இங்கிருந்து சுமார் 180 கிலோமீற்றர், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக பஸ், வயதானவர்களுக்கு லேசான பயணம் இல்லை. கொழும்பு தூரம் கூட, சுமார் 260, ஆனால் இரவு ரயிலில் படுக்கை கிடைத்தால் படுத்துக்கொண்டு போகலாம் என்பது அம்மா மாதிரி ஆட்களுக்குப் பெரிய விஷயம். தனியாரில் காட்டினால் நாள் நாமே தெரிவு செய்யலாம், செலவு நம்முடையது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வைத்தவர்கள் கொழும்புக்கு ஓடுவதற்கு முன் அங்கேயே கேளுங்கள். எங்கே போவதென்றாலும் முதலில் கிளினிக்குக்குப் போன் போட்டு, இந்தக் கொம்பனியின் பெட்டி, புரோகிராமர் எந்த நாளில் இருக்கும் என்று கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள்.

பட்டரி பொதுவாக 7 முதல் 12 வருடம்வரை வரும், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பெட்டி காட்டிய பிறகும் சில மாதம் ஓடும், எனவே அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் இடிந்துபோக வேண்டியதில்லை. சோதனை முடிந்ததும் பட்டரி, மின்தடை, தேவைப்படும் சக்தி, ஆகக் குறைந்த வேகம் ஆகிய நான்கையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த தடவை திருகோணமலையில் இரவு நேரம் பார்க்கிற டொக்டருக்கு அது கையில் இருக்க வேண்டும்.