மலையேற எந்த ஷூ: தோல் பூட்ஸா, வாட்டர்ப்ரூஃபா, மெஷ் ஷூவா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓரிரு நாள் நடப்பதற்காக ஷூ வாங்கப் போனால் கடையில் மூன்று வகை காட்டுவார்கள். கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ், உள்ளே சவ்வு வைத்த வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ், வலைபோன்ற மெஷ் துணியில் தைத்த ட்ரெயில் ஷூ. "தண்ணியே போகாது சார்" என்று இரண்டாவதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். நம் ஊர் மலைக்கு மூன்றிலும் மோசமானது அதுதான் என்பேன்.

கொப்புளம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இது புரியும். மேலே உரசித் தேய்வதால் மட்டும் அது வருவதில்லை. சாக்ஸ் மேல்தோலைப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகரும். நடுவில் மாட்டிய தோலடுக்கு இழுபட்டுப் பிரிகிறது, அந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. வியர்வையில் நனைந்த தோலை சாக்ஸ் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஆகவே ஷூவுக்குள் ஈரம் தங்கவும் கூடாது, குதிகால் ஆடவும் கூடாது.

வாட்டர்ப்ரூஃப் சவ்வு வியர்வை ஆவியை வெளியே விட வேண்டுமானால், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். இமயமலைப் பனியில் அது நடக்கும். ஆடி மாதத்து வால்பாறைக் காட்டில், காற்றே நனைந்து கிடக்கும்போது, ஆவி எங்கே போகும்? ஓடையைக் கடக்கையில் மேல்விளிம்பு வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் அதே சவ்வு அதை வெளியேற விடாது. மறுநாள் காலையிலும் அந்த ஈர பூட்ஸுக்குள்தான் காலை விட வேண்டும்.

மெஷ் ஷூவும் நனையும், ஆனால் நடக்க நடக்கவே தண்ணீர் வடிந்துவிடும். ஜோடி பெரும்பாலும் முக்கால் கிலோவுக்குள். தோல் பூட்ஸ் ஒரு கிலோவைத் தாண்டும். ஏற்றத்தில் அந்த வித்தியாசம் தொடையில் தெரியும். குறை என்னவென்றால் ஆயுள். கல்லும் முள்ளும் பக்கவாட்டுத் துணியைக் கிழிக்கும். சில நூறு கிலோமீட்டரில் சோல் தட்டையாகிவிடும். ரத்தம் உறிஞ்சும் அட்டைப் பூச்சிக்கு மூன்றுமே தடையில்லை, முழங்கால் வரை கட்டும் அட்டை சாக்ஸ் தனியாக வேண்டும்.

நாள்பட உழைப்பதில் தோல் பூட்ஸை அடிக்க ஆளில்லை. அதிலும் இரண்டு ரகம் உண்டு. சோலை நூலால் தைத்தது ஒன்று, பசையால் ஒட்டியது இன்னொன்று. தைத்ததென்றால் சோல் தேய்ந்ததும் பிரித்து வேறு சோல் போடலாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அந்த வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. ஒட்டியதில் ஒரு பொறி இருக்கிறது. நடுசோல் பாலியூரித்தேன் நுரையாக இருந்தால், பயன்படுத்தாமல் பரணில் போட்டாலும் காற்றின் ஈரம் அதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். நான்கைந்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் மேல்தோல் புத்தம்புதிதாக மின்னும். கட்டைவிரலால் சோலை அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கு என்றால் தயாரித்த வருடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். புதுத் தோல் காலுக்குப் படிய சில வாரம் வீட்டிலும் தெருவிலும் போட்டு நடக்கவும் வேண்டும். வாரக்கடைசியில் ஒருமுறை மலைக்குப் போகிறவருக்கு இவ்வளவு பாடு எதற்கு? கனமான மூட்டையோடு அடிக்கடி போகிறவர் தோலுக்குப் போகட்டும், மற்றவருக்கு மெஷ் போதும்.

எந்த வகை வாங்கினாலும் அளவு தப்பினால் எல்லாம் வீண். சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போங்கள், அது பருத்தியாக இருக்க வேண்டாம். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கில்லை. ஒரு நம்பர் கூட்டினால் அகலத்தைவிட நீளம்தான் அதிகம் கூடும், குதிகால் ஆடத் தொடங்கும். அதே நம்பரில் அகலமான வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். அப்புறம் கடை மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். விரல்நுனி முன்பக்கம் இடித்தால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

ஏறும்போது குதிகால் லேசாக எழும்பினால் லேஸை இரு பக்கமும் கடைசி இரண்டு துளைக்குள் சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிக்கு மருந்துக்கடை பேப்பர் டேப். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 250 கி.மீ. பந்தயம் ஓடியவர்களின் கால்களில் அதை ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. கிளம்புமுன் காய்ந்த தோலில் ஒட்ட வேண்டும். எரிச்சல் தொடங்கி வியர்த்த பிறகு ஒட்டினால் அரை மணியில் சுருண்டு சாக்ஸோடு வந்துவிடும்.