நெளிந்த ஓசேஜ் கட்டை: வில் செய்ய வாங்கலாமா?

வில் செய்வதற்காக ஓசேஜ் ஆரஞ்சு மரக்கட்டை ஒன்றை அமெரிக்காவிலிருந்து பினாங்குக்குத் தருவித்தேன். இரண்டாம் தரம் என்று போட்டிருந்ததால் நேர்க்கட்டையைவிட விலை நன்றாகவே குறைவு. காரணம், நடுவில் இடப்பக்கம் ஒதுங்கி மறுபடி வலப்பக்கம் திரும்பும் ஒரு நெளிவு. நான் தேடியதே அதைத்தான். அனுப்பும் கூலி கட்டையின் விலையைத் தாண்டிவிட்டது. ஆறடிப் பொட்டலத்துக்கு அப்படித்தான் வரும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறு. ஒரு முனையில் மட்டும்தான் மெழுகு பூசியிருந்தார்கள். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பூசாத முனை வெடித்து, விரிசல் உள்ளே ஓடியிருந்தது. நீளம் மிச்சம் இருந்ததால் அறுத்துத் தள்ளினேன். விற்றவருக்குப் படம் அனுப்பினால், மரம் என்றால் அப்படித்தான் என்று பதில் வந்தது. நல்ல சமாளிப்பு.

மற்றபடி கட்டை அருமை. மேலே மெல்லிய வெள்ளை, உள்ளே மஞ்சள் வைரம். வில்லின் முதுகு, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் பக்கம், முழுக்க ஒரே ஆண்டு வளையமாக இருக்க வேண்டும். வில்லை இழுக்கும்போது அந்தப் பக்கம்தான் விரியும். வளையம் அறுபட்ட இடத்தில் சிராய் கிளம்பிவிடும். இந்தக் கட்டையில் வளையங்கள் நல்ல தடிமன். ஒவ்வொரு வளையத்திலும் மென்மையான படலம் ஒன்று, கெட்டிப் படலம் ஒன்று இருக்கும். இரு கையாலும் பிடித்து இழுத்துச் சீவும் இழுப்புக் கத்தி மென்மையான படலத்தில் போகும்போது முறுக்கு கடிப்பது போல நொறநொறவென்று சத்தம் வரும். கெட்டிப் படலத்தைத் தொட்டதும் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு ஓடும். காதை வைத்தே வளையத்தைப் பிடித்துவிடலாம். ஒரே ஒரு கணு இருந்தது. அதைச் சுற்றி கொஞ்சம் மரத்தை மேடாக விட்டேன்.

நெளிந்த கட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடக் கூடாது. மரத்தின் நார் ரேகை போகும் பக்கமே பென்சிலும் போக வேண்டும். வில்லும் நெளிந்துதான் இருக்கும், பரவாயில்லை. முனைக்கு முனை நூல் பிடித்தால் அது கைப்பிடியின் நடுவில் விழ வேண்டும், அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் விலகியது. ஹீட் கன்னில் சூடேற்றி, கிளாம்ப் போட்டு ஆறவிட்டதும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள் மட்டும், "கோணக்கட்டையை வாங்கி ஏமாந்துட்டியா தம்பி?" என்று பரிதாபப்பட்டார்.

அப்புறம், நம் ஊர் ஈரக்காற்று. வில்மரத்தில் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இங்கே சும்மா வைத்தாலே 15 பக்கம் ஏறிவிடும். அந்த ஈரத்தோடு வளைத்தால், நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தபடியே நிற்கும், வேகமும் போய்விடும். பிளைவுட் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே குண்டு பல்ப் எரியவிட்டு, வேலை இல்லாத நேரமெல்லாம் கட்டையை அதில்தான் வைத்தேன். முடிந்த வில்லை 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு இழுவிசை காட்டுகிறது. கையில் அதிர்வே தெரியவில்லை.

பக்கவாட்டு நெளிவு இருந்தால் தைரியமாக வாங்குங்கள். முனைக்கு முனை திருகிக்கொண்டு போகும் கட்டை என்றால் புதிதாகச் செய்பவர்கள் தொட வேண்டாம். நான் அடுத்ததும் நெளிந்த கட்டையே கேட்டிருக்கிறேன், ஆனால் வேறு ஆளிடம். இரண்டு முனையிலும் மெழுகு பூசிப் படம் அனுப்பிய பிறகே பணம் என்று சொல்லிவிட்டேன்.